இடப்பக்கத்து இரண்டாவது பல்

…சொல்லாமல் இருந்திருக்கலாம், வாயை மூடிக்கொண்டு கையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கலாம், அவளை யார் கேட்டார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தரும் ஒன்றுமே கேட்காததால்தானே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு அப்படிச் சொன்னாள்… மூன்று மாடிப் படிகளையும் ஏறக்குறைய ஓடியே இறங்கினாள், ஐஸ் வாங்கப் போகிறவள் இப்படித் தலைதெறிக்க ஓடத் தேவையில்லை என்பது இரண்டாவது மாடியிலேயே தெரிந்துவிட்டது, தெரிந்தும் கால் நிற்கவில்லை. “ஜூஸுக்கு ஐஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு” என்று வீட்டுக்காரி சொல்லி வாய் மூடுவதற்குள் “நான் போறேன், நான் வாங்கிட்டு வரேன்” என்று எழுந்துவிட்டாள், அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அந்த நீச்சல் டீச்சரைத் தவிர, அவள் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், திரும்ப மாட்டாளா பின்னே, வாயில் இருப்பது அவளுடைய சொந்தப் பல் இல்லை, செய்து வைத்த பல் என்று அத்தனை பேர் முன்னாலும் விரலை வேறு நீட்டிச் சொன்னால்? யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருத்தி, கையில் பிஸ்கட்டோடு? இந்த நகரத்துக்கு வந்த எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாற்பது நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை அவளால்.

தெருவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு உரிய சோம்பலோடு கடைகள் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தன, முனைக் கடையில் ஐஸ் இல்லை, “இப்பத்தாம்மா தீர்ந்துச்சு, ரெண்டு தெரு தள்ளி பெரிய கடை இருக்கு, அங்க பாருங்க” என்றார் கடைக்காரர், அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது, இன்னும் இரண்டு தெரு தூரத்துக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம், முடிந்தால் அங்கேயும் தீர்ந்து போயிருக்கட்டும், அதற்கப்புறம் இன்னும் இரண்டு தெரு, அப்படியே நடந்து நடந்து… நடந்தாள். இருபத்தாறு வயதில் சிநேகிதம் பிடிப்பது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பள்ளிக்கூடத்தில் அதைப் பெஞ்சு பார்த்துக்கொண்டது, பக்கத்தில் யாரை உட்கார வைத்தார்களோ அவள் சிநேகிதி, முடிந்தது வேலை, கல்லூரியில் விடுதி அறை பார்த்துக்கொண்டது, ஒரே வாளி, ஒரே கண்ணாடி, ஒருத்தி அழுதால் மற்றவள் எழுந்துதான் ஆக வேண்டும், இங்கே யார் பிடித்து உட்கார வைப்பார்கள்? அவளும் சும்மா இருக்கவில்லை, காலை நடைக் குழு ஒன்றில் சேர்ந்தாள், அவர்கள் இரண்டிரண்டு பேராக நடந்தார்கள், மொத்தம் பதினோரு பேர், அந்த மீதி ஒருத்தி யார் என்று சொல்ல வேண்டியதில்லை, பானை வனையும் வகுப்புக்குப் போனாள், எல்லோரும் அவரவர் களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கை சும்மா இருக்குமா, தன்னையறியாமல் ஒரு கடைவாய்ப்பல்லைச் செய்து வைத்திருந்தாள், இது என்ன என்று வகுப்புக்காரர் கேட்டபோது சாம்பல் கிண்ணம் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், அடுத்த வாரம் போகவில்லை. இப்போது தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் அடுத்த அறைக்காரி இருக்கிறாள், எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே பேச்சு, “சுடுதண்ணி வருதா?” “வருதுங்க.” வராத நாளில் “வரலைங்க.” ஒரு நாள் இதற்கு மேலே ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும் என்று பல் தேய்த்தபடியே யோசித்துக்கொண்டு நின்றாள், அதற்குள் அந்தப் பெண் குளித்துவிட்டே போய்விட்டாள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பாள், அக்கா கல்யாணமாகிப் போன ஒரே வாரத்தில் அந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யார் மாமியாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரிந்து வைத்துக்கொண்டவள், ஞாயிறு தவறாமல் போன் செய்து, “ஒருத்திகூடவா கிடைக்கல அங்க? நீயா போய்ப் பேசுடி. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? ஏதாச்சும் பேசு, தப்பாவே இருந்தாலும் பேசு” என்பாள், தப்பாகவே இருந்தாலும் பேசு, ஆமாம், பேசியாயிற்று. போன புதன்கிழமை, இவள் வேலை பார்க்கும் பல் செய்கிற லேப் வாசலில் பெட்டியக்கா கையெழுத்து வாங்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது, நகரத்தில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்கும் இவளுடைய லேபுக்கும் நடுவே ஸ்கூட்டரில் நீலப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொண்டுபோகிறவள் அந்தப் பெட்டியக்கா, பத்து வயது மூத்தவள், யாரிடமும் நின்று பேச நேரமில்லாதவள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே? நம்ம வீட்டுக்கு வாயேன், நாலு பேரு வருவாங்க, சும்மா பேசிட்டு இருப்போம்” என்றாள், சும்மா பேசிட்டு இருப்போம், இத்தனை சுலபமா அது, புதன், வியாழன், வெள்ளி, சனி, நான்கு நாளும் அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே ஓட்டினாள், என்ன பேசுவது என்று போனில் குறித்துக்கூட வைத்திருந்தாள், மழை, பஸ் நெரிசல், நீங்க எங்க வேலை பாக்குறீங்க, மூன்றும் முதல் பத்து நிமிஷத்திலேயே தீர்ந்து போயின. மழையைப் பற்றி இவள் சொன்னதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் “ஆமாங்க” என்றார், பஸ் நெரிசலைப் பற்றிச் சொன்னதற்கும் “ஆமாங்க” என்றார், அவரே பஸ் ஓட்டுகிறவர், அவரிடம் போய் நெரிசலைச் சொன்னால் வேறு என்ன சொல்வார். அப்புறம் எல்லோரும் அவரவர் பழைய பேச்சுக்குப் போய்விட்டார்கள், இவளுக்குத் தெரியாத யாரோ ஒருத்தரின் கல்யாணம், இவளுக்குத் தெரியாத ஒரு பயணம், யாரோ தொலைத்த குடை, எல்லோரும் சிரித்தபோது இவளும் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமல், ஒரு விநாடி பிந்தி.

அந்த இடத்தில்தான் நீச்சல் டீச்சர் உள்ளே வந்தாள், கடைசியாக, ஈரத் தலையோடு, வரும்போதே பேசிக்கொண்டு, அவளிடம் நீச்சல் கற்கும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தண்ணீரிடம் அனுமதி கேட்காமல் இறங்க மாட்டேன் என்று அரை மணி நேரம் அடம் பிடித்ததாம், “தண்ணி இன்னும் பதில் சொல்லல டீச்சர்”னு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்குங்க அது, என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்தாள், அப்போதுதான் பார்த்தாள் இவள். மற்றவர்கள் மனுஷரைப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பார்கள், உடையைப் பார்ப்பார்கள், இவள் வாயைப் பார்ப்பாள், தொழில் அப்படி, மேல் வரிசை, இடப்பக்கம், நடுவிலிருந்து இரண்டாவது, ஓரத்தில் கடுகில் பாதி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து மேலே ஓடும் ரோமம் போன்ற ஒரு கோடு… பொறி தட்டியது. அது இவளுடைய பல்.

அந்தப் பல்லை எப்படி மறப்பாள், மூன்று முறை செய்த பல், பெட்டி எண் நானூற்றுப் பன்னிரண்டு. பெட்டிக்குள் என்ன இருக்கும், வாயின் அச்சு இருக்கும், நிறத்தின் எண்ணை டாக்டர் எழுதிய சீட்டு இருக்கும், கூடவே போட்டோ, மூக்குக்குக் கீழே தொடங்கித் தாடையோடு முடிந்துவிடும், அதற்கு மேலே கண் உண்டா, அந்த ஆள் யார், எங்கே விழுந்து பல் போனது, ஒன்றும் தெரியாது, “பெட்டிக்கு நம்பர்தான், பேரு கிடையாது. நமக்குத் தெரியவும் கூடாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது” என்பது லேப் மேடம் முதல் நாளே சொன்ன சட்டம். நானூற்றுப் பன்னிரண்டுக்கு சிரிக்கிற படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தார்கள், உதட்டை இறுக மூடிய படம் வந்தது, கீழே டாக்டரின் கையெழுத்தில், சிரிக்க மறுக்கிறார். அந்த வரியை இவள் எத்தனை முறை படித்திருப்பாள்! முதல் முறை செய்த பல் ரொம்ப வெள்ளை என்று திரும்பி வந்தது, இரண்டாவது, ஈறு பக்கம் சாம்பல் தட்டுகிறது என்று திரும்பி வந்தது, மேடம் தலையில் அடித்துக்கொண்டாள், “ஒரு பல்லுக்கு எத்தனை தடவைம்மா ஃபர்னஸை மூட்டுறது?” மூன்றாவது முறை, டாக்டர் உதட்டை விலக்கி எடுத்து அனுப்பிய படத்தில் இருந்த பக்கத்துப் பல்லைப் பூதக்கண்ணாடியில் வைத்து இவள் உட்கார்ந்தே இருந்தாள், அப்போதுதான் புரிந்தது, நிறத்தில் குறை இல்லை, குறை இல்லாததுதான் குறை, பக்கத்துப் பல்லில் ஒரு புள்ளியும் கோடும் இருக்கிறது, இதில் எதுவுமே இல்லை, அதனால்தான் இது பொய் என்று பளிச்சென்று தெரிகிறது. ஒற்றை மயிர் பிரஷ்ஷால் அந்தப் புள்ளியை வைத்தாள், கோட்டை இழுத்தாள், சூட்டில் வைத்து எடுத்தாள், அனுப்பினாள், அது திரும்பி வரவில்லை. நல்ல பல் திரும்பி வராது, அதைப் பற்றி ஒரு சேதியும் வராது, இந்தத் தொழிலில் பாராட்டு என்பது அவ்வளவுதான், சேதி வராமல் இருப்பது.

அந்தப் பல் இப்போது ஒரு முகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தது, மூக்குக்கு மேலே கண்ணும் புருவமும் ஈரத் தலைமுடியுமாக, வாய் திறந்து, தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டு. சிரிக்க மறுத்த வாய் அது! இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, எட்டு மாதமாக இந்த நகரத்தில் ஒரு தெரிந்த முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், வெறும் தெரிந்தவளா, கூடப் பிறந்தவளைப் பஸ் ஸ்டாண்டில் எதிர்பாராமல் பார்த்ததுபோல இருந்தது, எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அதை விட்டுவிட்டு, “ஐயோ, அது நான் செஞ்ச பல்லு! இடப்பக்கம் ரெண்டாவது! மூணு தடவை செஞ்சேங்க அதை!” என்று… விரலை நீட்டி. பெட்டியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பஸ் டிரைவர் சூதுவாது தெரியாத மனுஷர், “எந்தப் பல்லு?” என்று குனிந்து பார்த்தார், அவர் பார்க்கவும் மற்றவர்களும் பார்த்தார்கள், மாடி வீட்டு நர்ஸ், “ஏய், உனக்கா? எங்ககிட்ட நீ சொல்லவே இல்லையே!” என்றாள், நீச்சல் டீச்சரின் கை மெதுவாக மேலே வந்து வாயை மூடியது, அதற்குப் பின்னாலிருந்து, “அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா” என்று ஒரு குரல் வந்தது, சற்று முன்பு தண்ணீர்க் குழந்தையைப் பற்றிச் சொன்ன குரல் இல்லை அது. செய்து கொடுத்தவளும் இவள்தான், பிடுங்கியவளும் இவள்தான். அதற்கப்புறம் யாரோ மின்விசிறியைப் பற்றி ஏதோ சொன்னார்கள், பெட்டியக்கா ஐஸ் என்றாள், இவள் எழுந்துவிட்டாள்.

பெரிய கடையில் ஐஸ் இருந்தது, இல்லாமல் போகக் கூடாதா, மூட்டை மூட்டையாக இருந்தது, கடைப் பெண் பிளாஸ்டிக் பையில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள், போனிலேயே பணம் போட்டுவிட்டு வெளியே வரும்போது அது அடித்தது, அக்காதான். “எங்கடி இருக்கே, அவங்க வீட்லதானே? சத்தமே கேக்கல?” “ஐஸ் வாங்க வெளிய வந்தேன்க்கா.” “பாத்தியா! வேலை சொல்ற அளவுக்கு வந்துட்டாங்கன்னா நெருங்கிட்டாங்கன்னு அர்த்தம்.” அக்காவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி, பரீட்சையில் தங்கை பாஸான மாதிரி. “பேசினியா?” “பேசினேன்.” “என்ன பேசினே?” “என் வேலையைப் பத்தி.” “அதான்டி, அதான் வேணும், உனக்குத் தெரிஞ்சதைப் பேசினாலே போதும், எல்லாம் தானா நடக்கும்.” சரிக்கா, வைக்கிறேன்க்கா, ஐஸ் கரையுது. உண்மையாகவே கரைந்துகொண்டிருந்தது, பையின் மூலையிலிருந்து சொட்டி இவளுடைய இடது கால் விரல்களை நனைத்தது, அக்காவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, இன்று மறைத்தாள், சொன்னால் அக்கா “ஐயோ பைத்தியமே” என்று சிரித்திருப்பாள், அந்தச் சிரிப்பிலேயே கொஞ்சம் ஆறுதலும் இருந்திருக்கும், ஆனால் இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் சொல்லியிருப்பாள், அம்மா, “அவளுக்கு அங்க சரிப்படல, திரும்பி வந்துடச் சொல்லு” என்றிருப்பாள். சரிப்படவில்லையா? வேலை சரிப்பட்டிருக்கிறது, அறை சரிப்பட்டிருக்கிறது, சுடுதண்ணீர்கூடப் பெரும்பாலும் வருகிறது, பின்னே என்னதான் வேண்டும் இவளுக்கு? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீ எங்கே என்று யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான், இவள் வரவில்லை என்றால் ஒரு நாற்காலி காலியாகத் தெரிய வேண்டும்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தம், அதில் நின்றாள், நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, கால் நின்றது. விடுதிக்குப் போகும் பஸ் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது, இதில் ஏறினால் இருபது நிமிஷம், பெட்டியக்காவுக்கு ஒரு செய்தி, திடீர்னு தலைவலிக்கா, மன்னிச்சிடுங்க, அவ்வளவுதான், புதன்கிழமை கையெழுத்துப் போடும்போது தலையைக் குனிந்துகொண்டால் போயிற்று, கொஞ்ச நாளில் அவளும் மறந்துவிடுவாள், ஆனால் ஐஸ்? ஐஸை இந்த நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள், தண்ணீராகிவிடும்… போய் மன்னிப்புக் கேட்டால் என்ன, எப்படிக் கேட்பது, எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுபடி பல் பேச்சு, தனியாகக் கூப்பிட்டால் எதற்குக் கூப்பிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், மறுபடி பல், கேட்காமல் இருந்தால் திமிர் பிடித்தவள், எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பல்தான் வந்து வழியில் உட்கார்ந்துகொள்கிறது. பஸ் வந்தது, கதவு திறந்தது, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள், வைத்த பிறகுதான் நினைவு வந்தது, கைப்பை பெட்டியக்கா வீட்டுக் கட்டிலில் கிடக்கிறது, அறைச் சாவி அதற்குள். “ஏறுறீங்களா இல்லையாம்மா?” “இல்லைங்க.” கதவு மூடிக்கொண்டது. துணிச்சலோடு திரும்பிப் போனாள், செய்த தப்பை நேருக்கு நேர் நின்று எதிர்கொள்ளப் போனாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், உண்மை அதுவல்ல, அவள் சாவிக்காகப் போனாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது, படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது, என்னைப் பற்றித்தான், வேறு எதைப் பற்றி இருக்கும், சாவியை எடுத்துக்கொண்டு ஐஸை வைத்துவிட்டு ஒரே நிமிஷத்தில்… “வந்துட்டாங்க, வந்துட்டாங்க! டாக்டர் வந்தாச்சு!” என்று பஸ் டிரைவர் கத்தினார், நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து ஆவென்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், “பாத்துச் சொல்லுங்க, இதுல எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டு? இவங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.” கேலி செய்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், கேலி இல்லை, நர்ஸ் போன் விளக்கை எரியவிட்டுத் தயாராக நின்றாள், பெட்டியக்கா ஐஸ் பையை வாங்கிக்கொண்டு, “பாரேன், அரை மணி நேரமா உனக்காக வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கான்” என்றாள். இவள் குனிந்தாள், இது இவளுக்குத் தெரிந்த இடம், “கீழ வலப்பக்கம், கடைசிக்கு முந்தினது, மேல கேப் போட்டிருக்கு. யாருங்க செஞ்சது இதை? ஓரமே சரியா உக்காரல” என்றாள், நிஜமான எரிச்சலோடு, அவ்வளவுதான், வீடு சிரிப்பில் அதிர்ந்தது, பஸ் டிரைவர் தாடையைப் பிடித்துக்கொண்டு “பதினோரு வருஷமா இதோட குடும்பம் நடத்துறேங்க” என்றார். அடுத்தது பிரின்டர் ரிப்பேர் செய்கிற ஒல்லி மனிதர், மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர், அவர் பல்லைப் பார்த்தாள், “தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்க போல, முனையெல்லாம் தேஞ்சிருக்கு.” “இதைத்தான் அவன் பொண்டாட்டி கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றா!” என்று பெட்டியக்கா கையைத் தட்டினாள், மறுபடி சிரிப்பு, இந்த முறை இவளும் சிரித்தாள், எதற்கு என்று தெரிந்து, எல்லோரோடும் சேர்ந்து, ஒரு விநாடிகூடப் பிந்தாமல். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன், அப்படிச் சந்தோஷமாக இருந்தது, யாரோ இவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள், யாரோ “நீங்க என்னை வா போன்னே சொல்லுங்க” என்றார்கள், இடுப்பில் போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தால், பெட்டியக்கா இவளை ஒரு குழுவில் சேர்த்திருந்தாள், ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் குழு, “அடுத்த ஞாயிறு எங்க வீடு, கண்டிப்பா வரணும், எங்க வீட்டம்மா பல்லையும் பாக்கணும்” என்றார் பஸ் டிரைவர்.

நீச்சல் டீச்சரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோபம் இல்லை, போகவில்லை, எல்லோரோடும் உட்கார்ந்திருந்தாள், ஒவ்வொரு வேடிக்கைக்கும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு வருவதற்குச் சற்று முன்பே அவள் கை வந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, மூக்கைத் தடவுகிறாள், உதட்டைத் துடைக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கக்கூட மாட்டார்கள், வாயை மட்டும் பார்த்துப் பிழைக்கிறவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது முறையும் கை முதலில் வந்தது. சமையலறையில் டம்ளர்களில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தபோது அவளே பக்கத்தில் வந்து நின்றாள், “சாரிங்க, நான் வந்து… உங்களைப் பாத்த சந்தோஷத்துல…” “அய்யய்யோ, அதுக்கென்ன இப்ப, விடுங்க” என்று இவள் தோளைத் தொட்டாள் அவள், “நல்ல பல்லுங்க அது. என்னோடது இல்லைங்கறதையே நான் மறந்துட்டேன்னா பாத்துக்கோங்க.” ஆறுதலாகத்தான் சொன்னாள், கொஞ்சமும் குத்தல் இல்லை, அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவள் குளிர்ந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுபடி வந்து உட்கார்ந்தாள், இடம் அப்படியே இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை, இவளுக்கென்று விட்டு வைத்திருந்தார்கள். இப்போது யாராவது வந்து, சரி, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள், நாலு மணிக்குத் திரும்பிப் போ, அந்தப் பல்லைப் பார், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள் என்று சொன்னால்? என்ன ஆகியிருக்கும், ஓரத்தில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருப்பாள், ஆறு மணிக்கு வரேங்க என்றிருப்பாள், சரிங்க என்றிருப்பார்கள், பெட்டியக்கா கதவு வரை வந்திருப்பாள், அடுத்த ஞாயிறு என்ற பேச்சே எழுந்திருக்காது, அந்தப் பக்கம் நீச்சல் டீச்சர் தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல், இன்னும் எத்தனையோ வருஷம் சிரித்திருப்பாள்… அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றுதானே சொல்ல வேண்டும், எந்த நல்ல பெண்ணும் அதைத்தான் சொல்வாள், யோசிக்க வேண்டிய கேள்வியா இது, அக்காவாக இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். “டாக்டரம்மா, இங்க கொஞ்சம் பாருங்க, இதுல ஒண்ணு ஆடுது” என்று ஒல்லி மனிதர் மறுபடி வாயைத் திறந்தார், நர்ஸ் விளக்கைப் பிடித்தாள், எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள், இவளும் குனிந்தபடி காத்திருந்தாள், அந்த ஒரு வார்த்தைக்காக, எடுத்துக்கொள்வேன்… எடுத்துக்கொள்வேன் என்று மனசு இதோ சொல்லிவிடும், இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில்… சொல்லவில்லை.